மழை நேரத்தில் சுருட்டு ஏன் கசக்கிறது?

"விலை கொடுத்து வாங்கிய சுருட்டு பாதியிலேயே கசக்கிறது, அடிக்கடி அணைகிறது. நம் ஊர் வானிலையா, இல்லை கடைக்காரன் ஏமாற்றிவிட்டானா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கடைக்காரனை விடுங்கள். பெட்டியைத் திறந்து அலமாரியில் சும்மா போட்டு வைத்திருப்பீர்கள். சாயங்கால மழையைப் பார்த்துக்கொண்டே வாசலில் உட்கார்ந்து பற்ற வைத்திருப்பீர்கள். நானும் அதையேதான் செய்தேன்.

முதலிலேயே ஒன்று. யாரையும் நான் புகைக்கச் சொல்லவில்லை. வருஷத்துக்கு நாலைந்து சுருட்டு பிடிக்கிற ஆள் நான். புற்றுநோய்ப் பாடம் நடத்த வருகிறவர்கள் சிரமப்பட வேண்டாம், என் டாக்டரே ஒவ்வொரு தடவையும் நடத்துகிறார்.

எங்கள் ஊர் மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட். பிறந்தது பக்கத்து ரப்பர்த் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில். சுருட்டு எனக்கு அப்பாயி வழி வந்த பழக்கம். ஆமாம், அப்பாயிதான்; தாத்தா வெற்றிலையோடு நிறுத்திக்கொண்டவர். விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய், பாலுக்கு ரப்பர் மரப் பட்டையை வெட்டி, பாலைக் கொட்டாயில் நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து படிக்கட்டில் உட்காருவாள். பற்ற வைக்கும் முன் சுருட்டைக் காதருகே வைத்து இரண்டு விரலால் அமுக்குவாள். 'சரக்' என்று மெல்லிசாகச் சத்தம் வந்தால் பிடிப்பாள். சத்தமில்லாமல் அமுங்கினால் அது திரும்ப டின்னுக்குப் போய்விடும். பழைய பிஸ்கட் டின், உள்ளே துணியில் முடிந்த வறுத்த அரிசி, டின் இருக்கும் இடம் அடுப்புக்கு மேலே பரண். மழை பெய்து பட்டை நனைந்தால் மரம் வெட்ட முடியாது, பாலெல்லாம் தண்ணீரோடு வழிந்துவிடும். அன்றைக்குக் கூலியும் இல்லை. "மரமும் நனைஞ்சு போச்சு, சுருட்டும் நமத்துப் போச்சு" என்று வானத்தைப் பார்த்துத் திட்டுவாள்.

இப்போது என் கதை. எனக்கு அறுபது முடிந்தபோது மாப்பிள்ளை டொமினிக்கன் சுருட்டு ஐந்து கொண்டுவந்து கொடுத்தார். ஒன்று நூறு வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) மேல் என்று மகள் காதில் சொன்னாள். சாமி மேடைக்குப் பக்கத்து அலமாரியில் வைத்தேன். நவம்பர் மாதம், எங்கள் பக்கம் சாயங்காலமானால் கொட்டித் தீர்க்கும் காலம். இரண்டு வாரம் கழித்து முதல் சுருட்டை எடுத்தேன். இழுத்தால் புகை வரவில்லை, கெட்டித் தயிரைக் குழல் வைத்து உறிஞ்சுவது மாதிரி இருந்தது. உள்ளே இலை ஊதிப்போய் மேலிலை நரம்போரமாகக் கீறிவிட்டது. நான்கு தடவை அணைந்தது. ஐந்தாம் தடவை பற்ற வைத்தபோது நாக்கில் வேப்பங்கொழுந்து. தலைக்கு மேலே விசிறி வேறு ஓடிக்கொண்டிருந்ததா, ஒரு பக்கம் குடைந்துகொண்டு எரிய, மறுபக்கம் தோணி மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டு நின்றது.

"மாமா, அந்த ஃபேனையாவது நிறுத்துங்க" என்றார் மாப்பிள்ளை.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "வெள்ளைக்காரன் 'செரூட்'டுன்னு சொல்றதே நம்ம சுருட்டுங்கிற வார்த்தையிலேர்ந்து போனதுதான் மாப்பிள்ளை. எனக்கே சொல்லித் தர்றீங்களா?" என்றேன். வார்த்தை நம்முடையது என்பது உண்மைதான். ஆனால் அன்றைக்கு அதைச் சொல்லியிருக்க வேண்டாம்.

மீதி நான்கையும் அப்பாயி முறைப்படி மைலோ டின்னில் வறுத்த அரிசியோடு மூடி வைத்தேன். ஒரு மாதம் கழித்துக் காதருகே வைத்து அமுக்கினால் 'சரக்' இல்லை, 'படக்'. மேலிலை சருகாய் உதிர்ந்தது. விடாமல் பற்ற வைத்தேன். வைக்கோல் மாதிரி எரிந்து அரை மணிக்குள் முடிந்தது. தொண்டை காந்தியது, வாயில் காகிதம் கொளுத்திய வாசனை. புத்தி வராமல் மறுநாள் இன்னொன்றையும் அப்படியே எரித்தேன்.

அப்பாயி மேல் தப்பில்லை. அவள் பிடித்தது திருச்சி, திண்டுக்கல் பக்கத்து நாட்டுச் சுருட்டு. இரண்டு முனையும் வெட்டி விட்டது, காய்ந்த இலை, காய்ந்திருந்தால்தான் அதற்கு ருசி. மாப்பிள்ளை கொடுத்தது 65 முதல் 70 சதவீத ஈரப்பதத்தில் இருக்க வேண்டிய சாதி. நம் ஊர்க் காற்றில் விடியற்காலையில் ஈரப்பதம் 90-ஐத் தாண்டும், வெயில் உறைக்கும் மதியத்தில் 60 பக்கம் இறங்கும், மழை வந்தால் திரும்ப ஏறும். புகையிலை அந்த ஈரத்தை மெதுவாகக் குடித்துக்கொண்டே இருக்கும். நனைந்த இலையில் நெருப்பின் பாதி வேலை தண்ணீரை ஆவியாக்குவதிலேயே போய்விடுகிறது. சரியாக எரியாததால் நாம் அடித்து அடித்து இழுக்கிறோம், முனை கொதிக்கிறது, தார் வாய்ப் பக்கம் வந்து சேர்கிறது. உங்களுக்குக் கசந்தது அதுதான். அதிகம் காய்ந்தாலோ வாசனை எண்ணெய் போய் வெறும் சூடுதான் மிஞ்சும். காற்றடித்தாலும், விசிறிக் காற்றானாலும், நெருப்பை ஊதிவிட்ட மாதிரிதான்.

காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டி ஒன்று, 65 என்று எண் போட்ட (ஈரத்தை அந்த அளவில் நிறுத்துகிற) ஈரப்பதப் பை ஒன்று, உள்ளங்கையளவு ஈரமானி ஒன்று. அவ்வளவுதான் செலவு. பெட்டி ஏர்கோன் அறையில் இருக்கட்டும். 25 டிகிரியைத் தாண்டினால் புகையிலை வண்டு பொரிந்து ஊசித் துளை போட்டுவிடும். ஒரு மாதமாவது விடுங்கள். நிமிஷத்துக்கு ஒரு இழுப்பு போதும். காரச் சம்பல் சாப்பிட்ட வாயோடு உட்காராதீர்கள்.

நான்காவது சுருட்டு அப்படிப் பெட்டியில் கிடந்ததுதான். பிப்ரவரி வெயில், மதியம் மூன்று மணி, இலை அசையவில்லை. கோப்பிக் கடையில் பிடிக்க முடியாது, 2019 ஜனவரியிலிருந்து சாப்பாட்டுக் கடைகளில் தடை. (தடை சரிதான், சண்டைக்கு வராதீர்கள்.) வீட்டுக்குப் பின்னால் ரம்புத்தான் மரத்தடியில் நாற்காலி போட்டேன். முதலில் வறுத்த கடலைத் தோல், பாதிக்கு மேல் பீங்கான் கோப்பையின் அடியில் தங்குகிற கோப்பித் தூள். சாம்பல் ஒரு அங்குலத்துக்கு உதிராமல் நின்றது. மாப்பிள்ளை பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. நல்ல பிள்ளை.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனசு ஆறவில்லை. எங்கள் தோட்டம் ரப்பர் போய் எண்ணெய் எடுக்கும் செம்பனையாகிவிட்டது, லயமும் போய்விட்டது, முனியாண்டி கோயில் மட்டும் நின்றது. புதுக் கமிட்டி வந்து கோபுரம் வைத்தது, பெயருக்கு முன்னால் ஒரு 'ஸ்ரீ' வைத்தது, சுருட்டு படைக்கக் கூடாது என்று போர்டும் வைத்தது. அப்பாயி தன் டின்னில் இருப்பதிலேயே நல்லதாகப் பொறுக்கித்தான் அவருக்கு வைப்பாள், நமத்ததைச் சாமிக்கு வைக்க மாட்டாள். கேட்டால் "காலம் மாறிடுச்சு அண்ணே" என்கிறார்கள். யாருக்கு மாறியது? அவர் அதே இடத்தில்தான் நிற்கிறார்.

ஐந்தாவது சுருட்டை, நடை சாத்திய பிறகு, வேலிக்கு வெளியே பழைய அரச மரத்தடியில் பற்ற வைத்து வைத்தேன். செம்பனைப் பக்கமிருந்து காற்று. ஒரு பக்கமாகத்தான் எரிந்தது.