கினிப்பிக்குக்கு முயல் தீவனம் போதுமா?

கேள்வி: வெள்ளவத்தையில் மாடி வீட்டில் இரண்டு கினிப்பிக் வளர்க்கிறோம். முயல் தீவனமும் கரட்டும், சில நாள் பாணும் கொடுக்கிறோம். ஒன்று ஒரு கிழமையாக நொண்டுகிறது, மயிரும் சொரசொரப்பாகிவிட்டது. சாப்பாட்டில் ஏதும் பிழையா?

பதில்: நொண்டுவதை முதலில் மிருக வைத்தியரிடம் காட்டுங்கள், விழுந்து அடிபட்டும் இருக்கலாம். ஆனால் இந்தச் சாப்பாட்டைக் கேட்டதும் எனக்கு வரும் சந்தேகம் விற்றமின் சி குறைபாடுதான். முயலின் உடம்பு விற்றமின் சி-யைத் தானே உண்டாக்கும். கினிப்பிக்குக்கு, மனிதரைப் போலவே, அது முடியாது. முயல் தீவனம் செய்பவர்கள் பொதுவாக அதைச் சேர்ப்பதும் இல்லை. குறைந்தால் மூட்டு வீங்கும், முரசில் இரத்தம் கசியும், நடக்கவே மறுக்கும்.

நல்ல நிலையில் உள்ளதற்குத் தினமும் கிலோ எடைக்கு 10 முதல் 30 மில்லிகிராம் வேண்டும். உறைப்பில்லாத கறிமிளகாயிலோ குடைமிளகாயிலோ தினம் ஒரு துண்டு கொடுங்கள், விதையை எடுத்துவிடுங்கள். கொத்தமல்லி இலையும் நல்லது. கொய்யாவில் சி நிறைய, சீனியும் உண்டு, ஆகவே கிழமைக்கு ஒரு சின்னத் துண்டு போதும். நொண்டுகிறதற்கு இந்த அளவு காணாது, மருந்தாக எவ்வளவு என்பதை வைத்தியர் சொல்லட்டும். தண்ணீரில் விடும் சொட்டு மருந்தை நான் விரும்புவதில்லை. சி சீக்கிரம் கெட்டுவிடும், ருசி மாறினால் தண்ணீர் குடிப்பதும் குறையும்.

இதைவிடப் பெரிய குறை, புல்லே இல்லாதது. சாப்பாட்டில் ஐந்தில் நான்கு பங்கு புல்லோ காய்ந்த புல்லோதான். பல் வாழ்நாள் முழுக்க வளரும்; மென்று தேய்க்காவிட்டால் வாயே மூட முடியாமல் போகும். இறக்குமதித் திமோதிப் புல் விலைதான். தோட்டமுள்ள சொந்தக்காரர் இருந்தால் மருந்தடிக்காத கினிப்புல் வெட்டி வாங்குங்கள். வீதியோரப் புல் வேண்டாம்: நாய் மூத்திரம், வாகனப் புகை, களைநாசினி. காய்ந்த புல்லைப் பொலித்தீனில் கட்டி வைத்தால் கொழும்பு ஈரப்பதத்துக்குப் பூஞ்சணம் பிடிக்கும், துணிப்பையில் வையுங்கள்.

பாணை இன்றோடு நிறுத்துங்கள். கரட் எப்போதாவது. பசளி, பொன்னாங்காணியில் ஒக்சலேற்று என்ற உப்பு அதிகம், தினமும் போட்டால் சிறுநீர்க்கல் வரலாம். வல்லாரை பரவாயில்லை. வெங்காயம், உள்ளி, உருளைக்கிழங்கு வேண்டவே வேண்டாம். புதுக் கீரையைக் கொஞ்சங் கொஞ்சமாகப் பழக்குங்கள், இல்லாவிட்டால் வயிற்றால் போகும்.

அப்புறம், வீட்டில் மிஞ்சிய அமொக்சிசிலினை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். குடலின் நல்ல பற்றீரியாவை அழித்து உயிரையே எடுத்துவிடும். அரை நாள் ஒன்றும் தின்னாமல் கிடந்தால் மறுநாள் பார்ப்போம் என்று இருக்காமல் அன்றே தூக்கிக்கொண்டு போங்கள்.