ஹாங்காங்: வாரியமும் தள்ளிவிட்டால் ஹைகோர்ட்டில் என்ன கேட்கலாம்?

கேள்வி: ஹாங்காங்கில் என் நான்-ரிஃபூல்மென்ட் கோரிக்கையை (ஆபத்துள்ள ஊருக்குத் திருப்பி அனுப்பாதீர்கள் என்ற மனுவை) இமிக்ரேஷன் நிராகரித்தது, மேல்முறையீட்டு வாரியமும் நிராகரித்துவிட்டது. ஹைகோர்ட்டில் ஜூடிசியல் ரிவ்யூ (முடிவு சட்டப்படி எடுக்கப்பட்டதா என்று நீதிமன்றம் பார்ப்பது) போட்டால் என் கதையை முதலிலிருந்து கேட்பார்களா?

கேட்கமாட்டார்கள். இது புரியாமல் போடும் மனுக்கள்தான், வழக்கை நடத்தலாமா என்று நீதிபதி முதலில் பார்க்கும் அனுமதிக் கட்டத்திலேயே விழுகின்றன. ஊரில் உங்களுக்கு ஆபத்து உண்டா என்று முடிவு செய்வது வாரியத்தின் வேலை. அதைச் சட்டப்படி, முறையாகச் செய்ததா என்று பார்ப்பதோடு நீதிபதியின் வேலை முடிகிறது. இமிக்ரேஷன் அதிகாரி எழுதியதைத் திட்டிப் பக்கத்தை நிரப்புவதிலும் பயனில்லை. வாரியம் தானே விசாரித்து முடிவெடுத்துவிட்டதால், தாக்கவேண்டியது வாரியத்தின் முடிவைத்தான்.

கெடு 3 மாதம். வாரியத்தின் முடிவில் போட்டிருக்கும் தேதியிலிருந்து எண்ணுங்கள், தபால் கைக்கு வந்த நாளிலிருந்து அல்ல. விதி “தாமதமின்றி, எப்படியும் 3 மாதத்துக்குள்” என்கிறது. தாண்டிவிட்டால் ஒவ்வொரு வாரமும் எப்படிப் போனது என்று தேதியோடு சொல்லவேண்டும். சட்டம் தெரியாது, வக்கீல் கிடைக்கவில்லை என்பவை பெரும்பாலும் எடுபடுவதில்லை. லீகல் எய்டுக்கு மனுப்போட்டிருப்பதால் கெடு தானாக நின்றுவிடாது.

தாக்கல் செய்யவேண்டியது படிவம் 86, அதோடு ஓர் உறுதிமொழிப் பத்திரம். வாரியத்தின் முடிவை ஒரு பக்கம்கூட விடாமல் இணையுங்கள். தமிழில் உள்ள கடிதம், புகார் நகல் எல்லாவற்றுக்கும் ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். நேரில் பேச விரும்பினால் வாய்மொழி விசாரணை வேண்டும் என்று படிவத்திலேயே கேட்டுவிடுங்கள். இல்லையென்றால் காகிதத்தை மட்டும் பார்த்து முடித்துவிடுவார்கள்.

உயிர்நாடி, காரணங்கள் எழுதும் பகுதிதான். “வாரியம் என்னை நம்பவில்லை, திரும்பிப் போனால் கொன்றுவிடுவார்கள்” என்பது காரணமே ஆகாது. வாரியத்தின் முடிவில் பத்திகளுக்கு எண் இருக்கும். பென்சிலோடு உட்கார்ந்து படியுங்கள். உதாரணத்துக்கு, வேறு நகரத்துக்குப் போய்ப் பிழைத்துக்கொள்ளலாம் என்று 41-ஆம் பத்தி சொல்கிறது. ஆனால் அந்த நகரத்துக்கே ஆட்கள் தேடி வந்தார்கள் என்ற உங்கள் சாட்சியத்தை 17-ஆம் பத்தியில் வாரியமே குறித்து வைத்திருக்கிறது. 41-இல் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. இது வாதிடக்கூடிய பிழை. முன்னுக்குப்பின் முரண் என்று சொல்லி நிராகரித்துவிட்டு, அந்த முரணை விசாரணையில் உங்களிடம் கேட்காமலே விட்டிருந்தால் அதுவும் அப்படித்தான். சித்திரவதை, உயிருரிமை, கொடூரமான நடத்துகை, துன்புறுத்தல் என்ற வகைகளில் உங்களுக்குப் பொருந்தும் ஒன்றைத் தொடாமலே விட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள். மொழிபெயர்ப்பாளர் மேல் குறை சொல்வதானால் எந்தப் பதில் தப்பாகப் பதிவானது, அதனால் முடிவு எப்படி மாறியது என்று காட்டவேண்டும். ஒரு நாட்டறிக்கையை (உங்கள் நாட்டு நிலவரம் பற்றிய அறிக்கையை) விட்டு இன்னொன்றை வாரியம் நம்பியது என்பது மட்டும் போதாது. கூட இருப்பவர் மனுவில் பெயரை மாற்றிப் போடும் பழக்கம் வேறு இருக்கிறது. உங்கள் முடிவில் இல்லாத பத்தியை அது திட்டிக்கொண்டிருக்கும்.

இந்த வழக்குகளில் உயிரே பணயம் என்பதால் நியாயத்தின் தரம் உயர்ந்திருக்கவேண்டும் என்று 2004-இல் இறுதி மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அது இலங்கைத் தமிழர் ஒருவரின் வழக்கு. அதற்காக ஜூடிசியல் ரிவ்யூ இன்னொரு அப்பீலாக மாறிவிடாது.

அனுமதி கிடைத்து, பிறகு வென்றாலும் முடிவு ரத்தாகி மறுபடி வாரியத்துக்கே போகும். அகதி அந்தஸ்து வராது. அகதிகள் ஒப்பந்தம் ஹாங்காங்குக்கு நீட்டிக்கப்படவே இல்லை.

அனுமதி மறுத்தால் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போகலாம். ஆனால் “அப்பீல் போட்டு வை, நாள் ஓடும்” என்ற பழைய யோசனையை நம்பாதீர்கள். 2022 டிசம்பர் 7 முதல், ஹைகோர்ட் முதல்நிலையில் அனுமதி மறுத்ததுமே, அப்பீல் நிலுவையில் இருந்தாலும், இமிக்ரேஷன் பொதுவாக ஊருக்கு அனுப்பும் வேலையைத் தொடங்கலாம்.