உமியை அளந்து போடுங்கள்

கேள்வி: அம்பாசமுத்திரம் பக்கம் சின்னப் புழுங்கல் அரிசி ஆலை. உமிச் சாம்பல் கறுப்பாக இருக்கிறதென்று செங்கல் சூளைக்காரர் எடுக்க மறுக்கிறார். பாய்லருக்கு உமி போடுவதைத் தானியங்கி ஆக்கினால் சரியாகுமா?

பதில்: பாதி சரியாகும். 100 கிலோ நெல்லுக்கு உமி சுமார் 20 கிலோ. நன்றாக எரிந்தால் சாம்பல் 4 கிலோதான். கறுப்பு என்றால் கரி மிச்சம்: உமி அதிகம், காற்று குறைவு. உமி தள்ளும் ஸ்க்ரூ மோட்டாருக்கு வி.எஃப்.டி. (மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி) போட்டு, நீராவி அழுத்த சென்சாரோடு இணையுங்கள். காற்று ஊதும் ஃபேனையும் சேர்த்தே இணைக்க வேண்டும். பலர் ஃபேனை விட்டுவிட்டுக் காசு மிச்சம் பிடிப்பது இங்கேதான், ஆனால் புகைதான் கூடும்.

ஐப்பசி மழையில் ஈர உமி தொட்டியில் அடைத்துக்கொள்ளும். ஸ்க்ரூ வெறுமனே சுற்ற, அழுத்தம் இறங்க, மோட்டார் வேகமெடுக்கும். பிறகு உமி மொத்தமாகச் சரிந்து தீயை மூடிவிடும். உமி விழும் குழாயில் ஒரு சென்சார் வைத்து, வரத்து நின்றால் மணி அடிக்கச் செய்யுங்கள்.