விக்டோரியா காலத் தொழிற்சங்கத் தலைவர்களில் அரசியலுக்குப் போய்ச் சாதித்தவர் என்று யாரைச் சொல்வீர்கள்?

இந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் சுரங்கத் தொழிலாளர் தலைவர்களைத்தான் சொல்வார்கள். தாமஸ் பர்ட்டும் அலெக்சாண்டர் மெக்டொனால்டும் 1874-லேயே பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்குப் போய்விட்டார்கள். கல்தச்சராக இருந்த ஹென்றி பிராட்ஹர்ஸ்ட் 1886-ல் துணை அமைச்சரே ஆனார். இருந்தாலும் என் ஓட்டு, பண்ணைக் கூலியாட்களுக்குச் சங்கம் கட்டிய ஜோசப் ஆர்ச்சுக்குத்தான். "சாதித்தவர்" என்கிறீர்களே, அதில் மட்டும் எனக்குக் கொஞ்சம் தகராறு உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

சுரங்கத்தில் நூற்றுக்கணக்கானோர் ஒரே குழிக்குள் இறங்குகிறார்கள், ஒன்றாக ஏறி வருகிறார்கள். அங்கே சங்கம் வளர வழி இருந்தது. இங்கிலாந்தின் பண்ணைக் கூலியாட்கள் அப்படி இல்லை. ஒரு பண்ணையில் நாலு பேர், அடுத்ததில் ஆறு பேர் என்று சிதறிக் கிடந்தார்கள். குடியிருந்த வீடும் பல இடங்களில் முதலாளியுடையது. எதிர்த்துப் பேசினால் வேலை போகும், அன்றைக்கே கூரையும் போகும். இவர்களை வைத்துச் சங்கம் கட்ட முடியும் என்று அப்போது நம்பியவர்கள் குறைவு.

ஆர்ச் பிறந்தது 1826-ல், வாரிக்‌ஷயரில் பார்ஃபோர்டு என்ற கிராமத்தில். அப்பா ஆடு மேய்ப்பவர். ஏழைக் குடும்பம்தான், ஆனால் அவர்கள் இருந்த சின்ன வீடு அவர்களுக்கே சொந்தம். அவருடைய வாழ்க்கையில் எதைப் படித்தாலும் இந்த வீட்டை மறக்காமல் படியுங்கள். அவர் வாய் திறந்து பேச முடிந்ததற்குப் பாதிக் காரணம் அதுதான் என்பது என் கருத்து.

வெளிநாட்டுத் தானியத்துக்கு வரி போட்டு ரொட்டி விலையை ஏற்றி வைத்திருந்த சட்டத்தை ஆதரித்து ஒரு மனு சுற்றுக்கு வந்தது. ஆர்ச்சின் அப்பா கையெழுத்துப் போட மறுத்தார். விளைவு, 18 வாரம் யாரும் அவருக்கு வேலை தரவில்லை. அம்மா துணி வெளுத்துக் குடும்பத்தை ஓட்டினார். அந்த அம்மாவும் லேசுப்பட்டவர் இல்லை. ஊர்க் குருவானவரின் மனைவி, பள்ளிக்கு வரும் ஏழைப் பெண் பிள்ளைகள் எல்லோரும் கிண்ணத்தைக் கவிழ்த்த மாதிரி முடியை வட்டமாக வெட்டிக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு போட்டார். "என் பிள்ளைகள் முடியில் கை வைக்க விடமாட்டேன்" என்று இவர் நின்றார். அன்றோடு தேவாலயத்திலிருந்து ஏழைகளுக்குப் போகும் சூப்பும் நிலக்கரியும் இந்த வீட்டுக்கு நின்றுபோயின.

ஆர்ச்சுக்கு ஏழு வயது இருக்கும்போது ஒரு நாள் தேவாலயக் கதவின் சாவித் துளை வழியாக, அப்பமும் திராட்சை ரசமும் கொடுக்கும் திருவிருந்துச் சடங்கை எட்டிப் பார்த்திருக்கிறார். முதலில் பண்ணையார் போனார். பிறகு குத்தகை விவசாயிகள், அப்புறம் கடைக்காரர்கள், கொல்லர், சக்கரம் செய்பவர். எல்லோரும் முடித்துத் திரும்பிய பிறகுதான் கூலியாட்கள் தனியாகப் போனார்கள். அவர்களில் அவருடைய அப்பாவும் ஒருவர். கடவுளின் வீட்டிலேயே இப்படியா என்று பையனுக்குள் ஏறிய கோபம் கடைசி வரை இறங்கவில்லை. பின்னால் அவர், அரசுத் திருச்சபையிலிருந்து பிரிந்த மெதடிஸ்ட் சபையில் பிரசங்கியாரானதற்கும் இந்தக் கோபத்துக்கும் தொடர்பு இருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

ஒன்பது வயதில் வேலைக்குப் போனார். வயலில் குருவி விரட்டும் வேலை, நாளுக்கு 12 மணி நேரம், கூலி 4 பென்னி. வளர்ந்த பிறகு உயிர்வேலி வெட்டுவதில் பெரிய கைகாரர் ஆகி, போட்டிகளில் பரிசெல்லாம் வாங்கினார். வேலியை வெட்டி, வளைத்து, பின்னிவிடுவது நுணுக்கமான தொழில். அதற்காக ஊர் ஊராகக் கூப்பிட்டார்கள். ஒரே முதலாளியின் வாசலில் காத்துக் கிடக்கத் தேவையில்லை. சொந்த வீடு, கைத்தொழில், மேடைப் பேச்சு மூன்றும் ஒரே கூலியாளிடம் சேர்ந்திருந்தது அந்தக் காலத்தில் அபூர்வம்.

1872 பிப்ரவரி 7. பக்கத்தில் இருக்கும் வெல்ஸ்போர்னிலிருந்து மூன்று பேர் அவருடைய வீட்டுக்கு வந்தார்கள். சங்கம் வைக்கப்போகிறோம், இன்று மாலை வந்து பேச வேண்டும் என்றார்கள். முப்பது நாற்பது பேர் வந்தால் பெரிது என்ற நினைப்போடுதான் ஆர்ச் கிளம்பினார். போய்ப் பார்த்தால் ஆயிரத்துக்கும் மேல் கூட்டம். அறைக்குள் பேச வழியே இல்லை. ஊர் நடுவில் இருந்த செஸ்ட்நட் மரத்தடிக்குப் போனார்கள். குளிர்கால இருட்டு. அவரைக் கொடிக்கு நடும் கம்புகளில் லாந்தரைக் கட்டித் தூக்கிப் பிடித்தார்கள். மேடைக்குப் பன்றி அறுக்கும் பலகை கிடைத்தது. அதன் மேல் ஏறி நின்று ஒரு மணி நேரம் போலப் பேசினார். அங்கேயே நூற்றுக்கணக்கானோர் சங்கத்தில் பெயர் கொடுத்தார்கள்.

அதற்குப் பிறகு நடந்த வேகம் இன்றைக்கும் நம்பச் சிரமமாக இருக்கிறது. வாரம் 16 ஷில்லிங் கூலி கேட்டார்கள். அப்போது அந்தப் பக்கம் 12 ஷில்லிங் கிடைத்தாலே அதிகம். மார்ச்சில் வேலைநிறுத்தம். 'டெய்லி நியூஸ்' பத்திரிகை நிருபரை அனுப்பி எழுதியதும் லண்டனிலிருந்து பணம் வந்தது. மே மாதம் லீமிங்டனில் தேசிய விவசாயத் தொழிலாளர் சங்கம் உருவாகி, ஆர்ச் தலைவரானார். இரண்டே ஆண்டில் உறுப்பினர்கள் 86,000. தந்தி தவிர வேறு வேகமான தொடர்பு இல்லாத காலம், பல பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாது!

மேல்தட்டு எப்படி எடுத்துக்கொண்டது என்பதற்கு இரண்டு சம்பவம் போதும். குளோஸ்டர் பிஷப் எல்லிகாட் ஒரு விருந்தில் பேசும்போது, சங்கக் கிளர்ச்சிக்காரர்களைக் குதிரைக் குட்டையில் தள்ளலாம் என்கிற பொருளில் ஜாடையாகப் பேசினார். 1873-ல் ஆக்ஸ்ஃபோர்டுஷயரின் அஸ்காட் கிராமத்தில், வேலைநிறுத்தத்தை உடைக்க வந்த இரண்டு இளைஞர்களை மறித்ததற்காக 16 பெண்களுக்குக் கடுங்காவல் தண்டனை. சிலர் கைக்குழந்தையோடு சிறைக்குப் போனார்கள். தீர்ப்புச் சொன்ன மாஜிஸ்திரேட்டுகள் இருவருமே குருமார்கள்! நாடே கொதித்தது, சங்கத்துக்கு அதைவிடப் பெரிய விளம்பரம் தேவைப்படவில்லை.

சரிவும் சீக்கிரமே வந்தது. 1874-ல் சஃபோக் பக்கம் கூலியில் ஒரு ஷில்லிங் உயர்வு கேட்டார்கள். பண்ணை முதலாளிகள் பதிலுக்குக் கதவடைப்பு செய்தார்கள். சங்க அட்டை வைத்திருப்பவனுக்கு வேலை இல்லை. கிழக்கு மாவட்டங்களில் ஆயிரக்கணக்கானோர் மாதக்கணக்கில் வீட்டில் உட்கார்ந்தார்கள். சங்கம் வாரம் 9 ஷில்லிங் கொடுத்துக் கொடுத்துக் கஜானாவைக் காலி செய்தது, கடைசியில் கைவிட்டது. அதன் பிறகு அமெரிக்கக் கோதுமை மலிவாக வந்து இறங்கி விவசாயமே படுத்துவிட்டது. சங்கத்துக்குள்ளேயும் சண்டை. ஆர்ச் யார் சொல்லையும் கேட்க மாட்டார், விமர்சித்தவர்களைத் துரோகி என்பார் என்ற புகார் நிறைய உண்டு. அது முழுக்கப் பொய் என்று எனக்குத் தோன்றவில்லை. யாருக்கும் அடங்காத குணத்தோடு சங்கத்தை ஆரம்பிக்கலாம், பத்து வருஷம் கட்டிக் காப்பது கஷ்டம்.

சரி, அரசியல். 1867 சட்டம் நகரத் தொழிலாளர் பலருக்கு ஓட்டுரிமை கொடுத்தது, கிராமக் கூலிகளை விட்டுவிட்டது. ஆர்ச்சின் மிகப் பெரிய அரசியல் பங்களிப்பு எம்.பி. ஆனது அல்ல, அந்த ஓட்டுக்காக மேடை மேடையாகப் பேசியதுதான். 1884-ல் அது கிடைத்தது. 1885 தேர்தலில் லிபரல் கட்சி சார்பில் வடமேற்கு நார்ஃபோக்கில் நின்று, லார்டு ஹென்றி பென்டிங்க்கைத் தோற்கடித்து உள்ளே போனார். அந்தத் தொகுதிக்குள்தான் வேல்ஸ் இளவரசரின் சாண்ட்ரிங்ஹாம் மாளிகை இருந்தது. குருவி விரட்டிய பையன் வருங்கால மன்னர் குடியிருக்கும் ஊருக்கு எம்.பி.!

கூலியாட்களுக்குச் சிறு நிலம் கேட்டு ஜெஸ்ஸி காலிங்ஸ் என்ற எம்.பி. 1886 ஜனவரியில், அரசின் திட்டங்களைச் சொல்லும் மகாராணி உரை மீது ஒரு திருத்தம் கொண்டுவந்தார். '3 ஏக்கரும் ஒரு பசுவும்' என்ற கோஷத்தின் பின்னால் இருந்தவர் அவர். ஆர்ச் அதை ஆதரித்துப் பேசினார். திருத்தம் ஜெயித்து, பிரதமர் சாலிஸ்பரி பிரபுவின் ஆட்சியே கவிழ்ந்தது. ஆனால் அதே ஆண்டுத் தேர்தலில் வெறும் 20 ஓட்டில் தோற்றார் ஆர்ச். 1892-ல் திரும்ப ஜெயித்து 1900 வரை இருந்தார். இந்த இரண்டாவது கட்டத்தில் சொல்லிக்கொள்ளும்படி அதிகம் இல்லை. பேசியதும் குறைவு. முதியோர் வறுமை பற்றிய 1893 ராயல் கமிஷன் என்ற அரசு விசாரணைக் குழுவில் உறுப்பினராக இருந்தார், இளவரசரும் அதே கமிஷனில் உறுப்பினர். 1896-ல் அவருடைய சங்கம் கலைந்தே போயிற்று.

ஆகவே கணக்குப் போட்டால், பன்றிப் பலகை மேல் நின்று செய்ததில் பத்தில் ஒரு பங்குகூட நாடாளுமன்ற பெஞ்சில் செய்யவில்லை. நான் சொன்ன தகராறு இதுதான். லிபரல் கட்சி அவரை விழுங்கிவிட்டது என்று பின்னால் வந்த சோஷலிஸ்டுகள் சொன்னார்கள். அது பாதி நியாயம். எம்.பி.க்களுக்குச் சம்பளம் 1911-ல்தான் வந்தது, அதற்கு முன் கூலிக்காரன் ஒருவன் அங்கே உட்கார யாராவது பணம் போட வேண்டும். போட்டவர்கள் லிபரல்கள். சுரங்கத் தொழிலாளியாக இருந்த கெய்ர் ஹார்டி 1892-லேயே லிபரல், கன்சர்வேட்டிவ் இரண்டு கட்சிக்கும் வெளியே நின்று ஜெயித்தாரே என்று கேட்கலாம். அவர் ஜெயித்தது லண்டன் தொழிலாளர் பகுதியில். நார்ஃபோக் கிராமத்தில் அப்படி நின்றிருந்தால் ஆர்ச் சொல்லும்படியான ஓட்டாவது வாங்கியிருப்பாரா என்பது எனக்குச் சந்தேகம்.

1919-ல், 92 வயதில், பார்ஃபோர்டில் அதே வீட்டில் இறந்தார். அவருடைய தன்வரலாறு 1898-ல் வந்தது, பதிப்பித்தவர் வாரிக் சீமாட்டி என்பது தனி வேடிக்கை. நேரம் இருந்தால் முதல் பாதியை மட்டும் படியுங்கள். தேவாலயம், முடி, மரத்தடிக் கூட்டம் எல்லாம் அதில்தான் இருக்கிறது. பின்பாதியில் பழைய எதிரிகளைத் திட்டுவதே அதிகம்.