பயிற்சி ஆம்ப்பை டிஸ்டார்ஷன் பெடலாக மாற்றலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என் 10 வாட் கிட்டார் பயிற்சி ஆம்ப்பின் (ஒலிபெருக்கியின்) ஸ்பீக்கர் கிழிந்துவிட்டது. ஸ்பீக்கருக்குப் போகும் கம்பிகளைக் கழற்றிப் பெரிய ஆம்ப்பின் உள்ளீட்டில் இணைத்தால், அதையே டிஸ்டார்ஷன் பெடலாக, அதாவது கிட்டார் ஒலியைக் கரகரப்பாக்கும் மிதிபெட்டியாகப் பயன்படுத்த முடியாதா?

அப்படி நேரடியாக இணைக்காதீர்கள். 10 வாட் ஆம்ப் 8 ஓம் ஸ்பீக்கருக்கு முழு வீச்சில் ஏறக்குறைய 9 வோல்ட் தருகிறது. கிட்டார் பிக்கப்பிலிருந்து (கம்பியின் அதிர்வை மின்சிக்னலாக மாற்றும் பகுதியிலிருந்து) வருவதோ பெரும்பாலும் ஒரு வோல்ட்டில் சிறு பகுதிதான். அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்றும் உண்டு. சில சிறிய ஆம்ப்களில் ஸ்பீக்கரின் இரு முனைகளையுமே பவர் ஐசி (ஸ்பீக்கருக்கு ஆற்றல் தரும் சில்லு) இயக்குகிறது. இரண்டில் எதுவும் கிரவுண்டு (சுற்றின் பொதுவான பூஜ்ய வோல்ட் புள்ளி) அல்ல. அவற்றில் ஒன்று அடுத்த ஆம்ப்பின் கிரவுண்டைத் தொட்டால் ஐசி எரிந்துவிடலாம்.

ஆனால் உங்கள் எண்ணம் நல்ல எண்ணம்தான். தி கிங்க்ஸ் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் கிட்டார் கலைஞர் டேவ் டேவிஸ் 1964இல், ஸ்பீக்கர் கூம்பைப் பிளேடால் கீறிய தன் சிறிய எல்பிகோ ஆம்ப்பை ஒரு வாக்ஸ் ஏசி30 ஆம்ப்புடன் இணைத்துத்தான் தன் கரகரப்பான ஒலியைப் பெற்றார். அவருடையது வால்வு (வெற்றிடக் குழாய்) ஆம்ப். இன்றைய மலிவான ஆம்ப்களில் டிஸ்டார்ஷன் பெரும்பாலும் பவர் ஐசிக்கு முன்பே, சிக்னலை முதலில் பெருக்கும் ப்ரீஆம்ப் பகுதியில் பிறந்துவிடுகிறது. ஆகவே ஸ்பீக்கர் கிழிந்ததோ பவர் ஐசி செத்ததோ நமக்கு ஒரு பொருட்டல்ல. நமக்கு வேண்டியது அதற்கு முந்தைய பகுதி மட்டுமே.

கேள்வி: அப்படியானால் சிக்னலைச் சரியாக எந்த இடத்தில் எடுப்பது?

போர்டைக் கவனித்துப் பாருங்கள். பெரும்பாலும் எட்டுக் கால் கொண்ட, சிக்னலைப் பெருக்கும் ஓர் ஆப்-ஆம்ப் ஐசி (4558 அல்லது டிஎல்072) இருக்கும். அதன் அருகே, எதிரெதிர்த் திசையில் இணைத்த இரண்டு சிறிய கண்ணாடி டையோடுகள் இருக்கும். ஒலி அலையின் உச்சிகளை ஏறத்தாழ 0.6 வோல்ட்டில் வெட்டி, அந்த ஆம்ப்புக்கே உரிய கரகரப்பைத் தருபவை அவைதாம். அங்கிருந்து சிக்னல் டோன் கட்டுப்பாடுகளைக் கடந்து வால்யூமுக்கு வந்து, அதன் நடுக்காலிலிருந்து பவர் ஐசிக்குப் போவதுதான் பொதுவான வழக்கம். அந்த நடுக்காலே நமக்கு உரிய இடம்.

சில ஆம்ப்களில் இந்த வரிசை மாறியிருக்கும் என்பதால், செவியால் சோதித்துப் பார்ப்பதே உறுதியான வழி. ஒரு கிட்டார் கேபிளின் உட்கம்பியில் 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்றைப் பற்றவைத்து, வெளிவலையைப் போர்டின் கிரவுண்டில் கிளிப் செய்து, மறுமுனையை நல்ல ஆம்ப் ஒன்றில் குறைந்த வால்யூமில் செருகுங்கள். கிட்டாரை ஒருவர் மீட்ட, கெபாசிட்டரின் நுனியால் ஒவ்வொரு புள்ளியாகத் தொட்டுக்கொண்டே வந்தால், சுத்தமான ஒலி எங்கே கரகரப்பாக மாறுகிறது என்பது தெளிவாகக் கேட்கும். இந்தச் சோதனையை வீட்டு மின்இணைப்பில் செய்யாமல், அடுத்த பதிலில் சொல்லும் பேட்டரி இணைப்பில் மட்டுமே செய்யுங்கள்.

இடம் தெரிந்ததும், அங்கிருந்து பவர் ஐசிக்குப் போகும் தடத்தை வெட்டிவிடுங்கள். மின்சாரம் பெறாத ஐசி சிக்னலை இழுத்துக் கெடுக்கும். பிறகு 1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்றின் வழியாக வெளியீட்டு ஜாக்கிற்குக் கொண்டுவாருங்கள். அளவு அதிகமாக இருந்தால் வால்யூமைக் குறைத்தாலே போதும்.

கேள்வி: ஆம்ப்பின் டிரான்ஸ்ஃபார்மரையும் பெட்டிக்குள் வைத்தாக வேண்டுமா? 9 வோல்ட் அடாப்டரில் ஓடாதா?

டிரான்ஸ்ஃபார்மரை விட்டுவிடுங்கள் என்பதே என் உறுதியான பரிந்துரை. காலால் மிதிக்கும் ஓர் உலோகப் பெட்டிக்குள் 230 வோல்ட் இருக்க வேண்டிய தேவையே இல்லை. அருகில் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் இரைச்சலையும் கூட்டும்.

இத்தகைய ப்ரீஆம்ப்கள் பலவும் பிளஸ், மைனஸ் என இரட்டை மின்னழுத்தத்தில் இயங்குகின்றன. ஒற்றை 9 வோல்ட்டில் ஓட்டுவதற்கு நடு மின்னழுத்தம் ஒன்றை உருவாக்கிச் சுற்றின் பல இடங்களை மாற்ற வேண்டியிருக்கும். அனுபவம் இல்லாதவர்கள் இதில்தான் களைத்துப்போகிறார்கள். இரண்டு 9 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்து, அவை சந்திக்கும் புள்ளியைக் கிரவுண்டாக வைத்தால் வேலை எளிதாகிறது. ஆப்-ஆம்ப்பின் 8ஆம் காலுக்குப் பிளஸ், 4ஆம் காலுக்கு மைனஸ். பழைய மின்வழங்கியிலிருந்து அந்தக் கால்களுக்கு வரும் ரெசிஸ்டர்களின் ஒரு முனையை முதலில் தூக்கிவிடுங்கள்; இல்லாவிட்டால் பேட்டரி மின்சாரம் அவற்றின் வழியே பின்னோக்கிச் சென்று பவர் ஐசியிடம் வீணாகும். இரண்டு பேட்டரிகளையும் ஒருசேரத் துண்டிக்கும் இரட்டை ஸ்விட்ச் அவசியம். முனை மாற்றி இணைத்தால் ஆப்-ஆம்ப் பழுதாகும் என்பதால், மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் 1என்5817 டையோடு ஒன்றை ஒவ்வொரு பேட்டரிக்கும் தொடராகப் போடுவது நல்லது.

பல ஆம்ப்களில் ஆப்-ஆம்ப்புக்கு ±15 வோல்ட் அளவில் கிடைத்துவந்திருக்கும், இப்போது ±9தான். டையோடுகள் 0.6 வோல்ட்டில் வெட்டுவதால் அவற்றின் குணம் அநேகமாக மாறாது. டையோடே இல்லாமல், ஆப்-ஆம்ப் தன் எல்லையை முட்டுவதால் கரகரப்பு வரும் ஆம்ப்பாக இருந்தால், அந்தக் கரகரப்பு முன்பைவிடச் சீக்கிரமே தொடங்கும். எனக்கு அது பிடித்தமான மாற்றம்.

கேள்வி: பெட்டியில் பொருத்திய பிறகு "ஹம்" சத்தம் அதிகமாகிவிட்டது. ஏன்?

பெட்டி பிளாஸ்டிக்காக இருந்தால் அலுமினியத்துக்கு மாற்றி, அதைச் சுற்றின் கிரவுண்டுடன் ஓர் இடத்தில் மட்டும் இணையுங்கள். உள்ளீட்டு ஜாக்கிலிருந்து போர்டுக்குப் போகும் கம்பி ஷீல்டு கேபிளாக இருக்கட்டும். சத்தத்தைக் குறைப்பதற்காகப் பெரிய ஆம்ப்பின் எர்த் பின்னை மட்டும் ஒருபோதும் துண்டிக்காதீர்கள்; அது உயிர்காக்கும் இணைப்பு.

கேள்வி: வால்வு ஆம்ப்பிலும் இதே முறையைச் செய்யலாமா?

வேண்டாம். அதனுள் சில நூறு வோல்ட் மின்னழுத்தம் உண்டு. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது கெபாசிட்டர்களில் தங்கியிருக்கும். ஸ்பீக்கர் இல்லாமல் ஓட்டினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரும் கெடக்கூடும்.

கேள்வி: பெரிய ஆம்ப்பில் அருமையாக ஒலிக்கும் பெடல், கணினியில் பதிவு செய்தால் மட்டும் காதைக் குத்துகிறது. எங்கே பிழை?

பிழை எதுவும் இல்லை. கிட்டார் ஸ்பீக்கர் ஏறத்தாழ 5,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலியைப் பெருமளவு அடக்கிவிடுகிறது. டிஸ்டார்ஷனின் கூரான மேல்சுரங்கள் அங்கேயே மழுங்குகின்றன. கணினிக்கு நேரடியாகச் செல்லும்போது அந்த வடிகட்டல் இல்லை. பதிவு மென்பொருளில் ஸ்பீக்கர் கேபினெட்டைப் போலச் செய்யும் ப்ளகின் ஒன்றைச் சேர்ப்பதே சிறந்த தீர்வு. பெடலிலேயே செய்ய விரும்பினால், வெளியீட்டில் தொடராக 10 கிலோஓம் ரெசிஸ்டரும், அதற்குப் பிறகு கிரவுண்டுக்கு 3.3 நானோஃபாரட் கெபாசிட்டரும் வையுங்கள். ஏறத்தாழ 4,800 ஹெர்ட்ஸிலிருந்து ஒலி மென்மையாக இறங்கத் தொடங்கும். ஆடியோ இன்டர்ஃபேஸில் லைன் உள்ளீட்டைத் தவிர்த்து, கிட்டாருக்கான உள்ளீட்டில் செருகுங்கள். லைன் உள்ளீட்டின் குறைந்த இம்பீடன்ஸ் (மின்னெதிர்ப்பு), அந்த 10 கிலோஓமுடன் சேர்ந்து சிக்னலின் அளவைப் பாதியாகக்கூடக் குறைத்துவிடும்.