உங்களுக்குப் பிடித்த பெரிய முழு எண் எது, ஏன்?

எனக்கு 4294967297. 2-இன் 32ஆம் அடுக்கோடு 1 கூட்டினால் வருவது.

2-இன் அடுக்கை 1, 2, 4, 8, 16 என்று இரட்டித்துக்கொண்டே போய், ஒவ்வொரு விடையோடும் 1 கூட்டிப் பாருங்கள். 3, 5, 17, 257, 65537 வரும். ஐந்துமே பகா எண்கள். இந்த வரிசையில் வருவதெல்லாம் பகா எண்தான் என்று 1640-இல் ஃபெர்மா என்ற பிரெஞ்சுக் கணிதவியலாளர் நம்பினார். அடுத்து வருவதுதான் நம்ம எண். 1732-இல் ஆய்லர் என்ற கணிதமேதை அதை உடைத்துக் காட்டினார்: 641 × 6700417.

641-ஐத் தேடிப் பிடிப்பது அவ்வளவு கஷ்டமில்லை. இந்த எண்ணை வகுக்கும் எந்தப் பகா எண்ணும் 64-இன் மடங்கைவிட ஒன்று கூடுதலாகத்தான் இருக்க முடியும் என்று பின்னாளில் ஆய்லரே நிறுவினார். அப்படிப்பட்ட பகா எண்கள் 193, 257, 449, 577, 641. ஐந்தாவது முயற்சியிலேயே மாட்டிக்கொள்கிறது! அந்த விதிக்கு அடிப்படை ஃபெர்மாவின் சிறிய தேற்றம் (p பகா எண் என்றால், எந்த முழு எண் a-க்கும் aᵖ − a என்பது p-ஆல் மீதியின்றி வகுபடும்) என்பதுதான் எனக்கு இன்றும் மனதை உறுத்துகிறது. சாவி அவர் கையிலேயே இருந்திருக்கிறது.

இன்னும் அழகானது, வகுத்தே பார்க்காமல் இதை நிறுவலாம். 641 என்பது 5 × 128 + 1. ஆகவே 5 × 2⁷-ஐ 641-ஆல் வகுத்தால் மீதி −1 என்று வைத்துக்கொள்ளலாம். நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸-க்கு மீதி 1. சரி, 641 என்பது 625 + 16-உம் கூட, அதாவது 5⁴ + 2⁴. அதனால் மீதிக் கணக்கில் 5⁴-க்குப் பதில் −2⁴ போடலாம். போட்டால் −2³²-க்கு மீதி 1. அப்படியென்றால் 2³² + 1-க்கு மீதி 0. முடிந்தது. முதன்முதலில் இதை நோட்டில் எழுதிப் பார்த்தபோது, நான்கே வரியில் முடிந்ததை நம்பமுடியாமல் மறுபடி முதலிலிருந்து எழுதினேன்.

அப்புறம் வர்க்கங்கள். ஒரு பகா எண்ணை இரண்டு வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக ஒரு விதத்துக்கு மேல் எழுதவே முடியாது. நம்ம எண்ணோ 65536² + 1² ஆகவும் இருக்கிறது, 62264² + 20449² ஆகவும் இருக்கிறது. பகு எண் என்பதற்கு இது ஒன்றே போதும்.

இந்த இரண்டு வடிவமும் காரணிகளிலிருந்தே வருகின்றன. 641 = 25² + 4². 6700417 = 2556² + 409². குறுக்கே பெருக்கினால் 25 × 2556 = 63900, 4 × 409 = 1636. கூட்டினால் 65536, கழித்தால் 62264. இன்னொரு ஜோடி 25 × 409 = 10225, 4 × 2556 = 10224. கூட்டினால் 20449. கழித்தால் அந்த 1.