சர்காவி எப்படி அவ்வளவு பெரிய ஆளானான், எப்படி விழுந்தான்?

ஜோர்டான்ல சர்கா ஊர்ல படிப்ப பாதியில விட்டுட்டு அடிதடின்னு சுத்தின பையன்தான், பின்னாடி ஈராக்ல அல் கொய்தா கிளைக்கு தலைவனான அபூ முசாப் அல் சர்காவி. அவன மாத்தினது ஜெயில். மக்திசிங்கிற மதகுருவோட உள்ள இருந்தப்போ கைதிகள் நடுவுல இவனே தலைவனாயிட்டான், 1999ல புது மன்னர் அப்துல்லா கொடுத்த பொது மன்னிப்புல வெளிய வந்து ஆப்கானிஸ்தான் போயிட்டான்.

2003 பிப்ரவரில அமெரிக்க அமைச்சர் காலின் பவல் ஐநாவுல, ஈராக் அதிபர் சதாமுக்கும் அல் கொய்தாவுக்கும் இவன்தான் பாலம்னு பேசினாரு. அந்த தொடர்பு நிரூபணமாகவே இல்ல, ஆனா இவன் பேரு மட்டும் உலகம் பூரா தெரிஞ்சுபோச்சு. அப்புறம் ஈராக் மேல அமெரிக்க படையெடுப்பு, ஈராக் ராணுவத்த கலைச்சது, வேலை போன ஆளுங்க கையில துப்பாக்கி, இதவிட தோதான இடம் அவனுக்கு எங்க கிடைக்கும்? பாக்தாத் ஐநா ஆபீஸ்ல குண்டு, ஷியா மக்கள் மேல குண்டு, 2004ல அல் கொய்தா தலைவன் பின்லேடனுக்கு விசுவாச உறுதிமொழி, இவன் தலைக்கு அமெரிக்கா அறிவிச்ச பரிசு 25 மில்லியன் டாலர்.

சரிவு அவனே தேடிக்கிட்டது. ஷியா பொதுமக்கள கொல்றத குருவான மக்திசியே வெளிப்படையா கண்டிச்சாரு, கேக்கல. 2005 நவம்பர் 9, ஜோர்டான் தலைநகர் அம்மான்ல மூணு ஹோட்டல்ல அவன் ஆளுங்க வச்ச குண்டு. ஒண்ணுல கல்யாண விருந்து நடந்துட்டு இருந்துச்சு, பொண்ணு மாப்பிள்ளை ரெண்டு பேரோட அப்பாவும் செத்துட்டாங்க, செத்தவங்கள்ல பெரும்பாலானவங்க முஸ்லிம்கள்தான், யோசிச்சாலே வயிறு எரியுது. ஜோர்டான் ஜனங்க தெருவுல இறங்கினாங்க, சொந்த குடும்பமே பேப்பர்ல விளம்பரம் போட்டு அவன கைகழுவிடுச்சு, ஜோர்டான் உளவுத்துறையும் தீவிரமா இறங்குச்சு. 2006 ஜூன் 7, ஈராக்ல பகூபா பக்கத்துல, அவனோட மத ஆலோசகர பின்தொடர்ந்து வீட்ட கண்டுபிடிச்சு அமெரிக்க எஃப்-16 போர் விமானம் ரெண்டு குண்டு போட்டுச்சு. ஆள் முடிஞ்சான், அமைப்பு முடியல, அதுதான் பின்னாடி ஐஎஸ்ங்கிற இஸ்லாமிக் ஸ்டேட் அமைப்பா வளந்துச்சு.